மூளையைக் கட்டிப் பார்த்தவர்கள்



2012ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மூளையைப் பற்றி இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வந்தன. முதல் செய்தி ஐபிஎம் நிறுவனத்துடையது. அமெரிக்காவில் செக்கோயா என்னும் மீத்திறன் கணினியில் 53,000 கோடி நியூரான்களை அவர்கள் இயக்கிக் காட்டியிருந்தார்கள். மனித மூளையில் இருப்பவையே ஏறத்தாழ 8,600 கோடிதான். இரண்டாவது செய்தி கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. நவம்பர் 30ஆம் தேதி 'சயின்ஸ்' இதழில் அவர்கள் வெளியிட்ட மூளை மாதிரியில் இருந்தவை 25 லட்சம் நியூரான்கள்.

எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் இரண்டாவது செய்தியைப் படிக்காமலே கடந்துபோயிருப்பார். ஆனால் அந்த 53,000 கோடி நியூரான்கள் துடித்தன, அவ்வளவுதான். ஒரு எழுத்தைக் காட்டி 'இது என்ன?' என்று கேட்டால் அவற்றிடம் பதில் இல்லை. அதற்காக அவை உருவாக்கப்படவும் இல்லை. புதுவகைச் சில்லுகளின் வடிவமைப்பைச் சோதிப்பதே அங்கே நோக்கம். வாட்டர்லூவின் 25 லட்சம் நியூரான்களோ பார்த்தன, பார்த்ததை நினைவில் வைத்தன, எண்ணின, புதிர் விடுவித்தன, விடையைத் தம் கையாலேயே எழுதியும் காட்டின.

கணிமை நரம்பியல் என்ற துறையில் கடந்த இருபது ஆண்டுகளில் நடந்த வேலைகளில் என்னை மிகவும் ஈர்த்தது இந்தக் குழுவின் வேலை. காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூளை மாதிரி ஒன்றை அதன் அளவை வைத்து மதிப்பிடக் கூடாது, அது என்ன செய்கிறது என்பதை வைத்தே மதிப்பிட வேண்டும் என்பதில் இவர்கள் பிடிவாதமாக நின்றார்கள். அதற்கு ஒரு படி மேலே போய், அது எந்த இடத்தில் தவறு செய்கிறது, அந்தத் தவறு மனிதர் செய்யும் தவறுதானா என்றும் கேட்டார்கள். இந்த இரண்டாவது கேள்விதான் அறிவியலுக்கு முக்கியம் என்று நான் கருதுகிறேன்.

குழுவின் தலைவர் கிறிஸ் எலியாஸ்மித். அவர் படித்த படிப்பு வழக்கமானது அல்ல. வாட்டர்லூவில் பொறியியல் படித்துவிட்டு மெய்யியலுக்குப் போனவர். செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றது மெய்யியலில்தான். இன்றும் வாட்டர்லூவில் மெய்யியல் துறைக்கும் பொறியியல் துறைக்கும் பொதுவான பேராசிரியராக இருக்கிறார். இதை வெறும் வாழ்க்கைக் குறிப்பாக நான் சொல்லவில்லை. ஒரு நியூரான் கூட்டம் துடிக்கிறது. அந்தத் துடிப்பு 'மூன்று' என்ற எண்ணையோ, 'நாய்' என்ற பொருளையோ குறிக்கிறது என்று எப்படிச் சொல்கிறோம்? மெய்யியலார் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி இது. கேள்வியை மெய்யியலிலிருந்து எடுத்துக்கொண்டு, விடையைப் பொறியாளரைப் போலக் கட்டிப் பார்த்துத் தேடினார் அவர். நரம்பியலாளர் சார்ல்ஸ் ஆண்டர்சனுடன் சேர்ந்து அவர் எழுதிய 'நியூரல் எஞ்சினியரிங்' என்ற நூல் 2003இல் வெளிவந்தது. அதற்குப் பின் குழு செய்த எல்லா வேலைகளுக்கும் அஸ்திவாரம் அந்த நூல்தான்.

அதன் அடிப்படையை விளக்க 1980களுக்குப் போக வேண்டும். அப்போஸ்தலோஸ் ஜார்ஜோபுலோஸ் என்ற நரம்பியலாளர், குரங்கு ஒன்று கையை நீட்டும்போது அதன் இயக்கப் புறணியில் உள்ள நியூரான்களின் துடிப்பைப் பதிவு செய்தார். ஒவ்வொரு நியூரானுக்கும் பிடித்த திசை ஒன்று இருந்தது. கை அந்தத் திசையில் போனால் அது வேகமாகத் துடிக்கும். விலகினால் வேகம் குறையும். எந்தத் தனி நியூரானும் கையின் திசையைத் துல்லியமாகச் சொல்வதில்லை. ஆனால் எல்லா நியூரான்களின் சாய்வையும் கூட்டிப் பார்த்தால் கை போகும் திசை கிடைத்துவிடும். நம் ஊரில் தேர் வடம் பிடிப்பவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் சற்றே வெவ்வேறு பக்கமாக இழுக்கிறார்கள், வலுவும் ஆளுக்கு ஆள் வேறு. தேரோ எல்லா இழுப்பும் கூடிய திசையில் நகர்கிறது. நாலைந்து பேர் கையை விட்டுவிட்டாலும் அது நின்றுவிடுவதில்லை.

எலியாஸ்மித்தும் ஆண்டர்சனும் இதைப் பொதுமைப்படுத்தினார்கள். கையின் திசை மட்டுமல்ல, ஒலியின் உயரம், கண் இருக்கும் நிலை, ஒரு சொல்லின் பொருள் என எதை எண்களாக எழுத முடியுமோ அதையெல்லாம் ஒரு நியூரான் கூட்டத்தின் துடிப்பாக எழுதலாம். அந்தத் துடிப்பிலிருந்து அதைத் திரும்பப் படிக்கவும் செய்யலாம். ஒரு கூட்டத்திலிருந்து இன்னொரு கூட்டத்துக்குப் போகும் இணைப்புகளின் எடைகளைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால், போகும் வழியிலேயே கணக்கு நடந்துவிடும். இந்தப் பக்கம் ஒரு எண் துடிக்க, அந்தப் பக்கம் அதன் வர்க்கம் துடிக்கும். அந்த எடைகளைக் கண்டுபிடிக்கத் தேவையானது கல்லூரிக் கணிதம்தான்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. கூட்டத்தின் வெளியீட்டை அதற்கே திருப்பி விட்டால் அதற்கு நினைவு வந்துவிடுகிறது. இதற்கு அந்த நூலில் வரும் எடுத்துக்காட்டு கண்தான். நீங்கள் கண்ணை ஒரு பக்கம் திருப்பி அங்கேயே வைத்திருக்கிறீர்கள். கண் தசைகளுக்குத் தொடர்ந்து கட்டளை போய்க்கொண்டே இருந்தால்தான் கண் அங்கே நிற்கும். 'திரும்பு' என்ற கட்டளையோ ஒரு கணத்தில் முடிந்துவிட்டது. முடிந்துபோன கட்டளையை மூளைத் தண்டில் உள்ள ஒரு சிறு நியூரான் கூட்டம் பிடித்து வைத்திருக்கிறது. இருட்டில் கண்ணைத் திருப்பி வைத்தால் அது மெல்ல நழுவும். குறைந்த எண்ணிக்கை நியூரான்களைக் கொண்டு கட்டிய மாதிரியிலும் அந்த நழுவல் வருகிறது. யாரும் அதற்கு நழுவக் கற்றுக்கொடுக்கவில்லை.

இந்த அஸ்திவாரத்தின் மேல் எழுந்ததுதான், தொடக்கத்தில் நான் சொன்ன 25 லட்சம் நியூரான் மாதிரி. அதன் பெயர் ஸ்பான். ஸ்பானுக்கு ஒரு கண் உண்டு, ஒரு கை உண்டு. கண்ணுக்கு நீளத்தில் 28, அகலத்தில் 28 என 784 புள்ளிகள் கொண்ட சிறு படம் தெரியும். கை இயற்பியல் விதிகளுக்கு உட்பட்ட ஒரு கணினிக் கை. அதற்கு எடை உண்டு, மூட்டுகள் உண்டு. இந்த இரண்டைத் தவிர வெளியுலகத்தோடு அதற்கு வேறு தொடர்பு கிடையாது. என்ன வேலை செய்ய வேண்டும் என்பதைக்கூடப் படமாகத்தான் காட்ட வேண்டும். ஓர் எழுத்தையும் ஓர் எண்ணையும் காட்டினால், எட்டு வேலைகளில் எது தன்னிடம் கேட்கப்படுகிறது என்று அது புரிந்துகொள்ளும். கையால் எழுதிய ஓர் எண்ணைக் காட்டினால் அதே எழுத்துச் சாயலில் திருப்பி வரைவது ஒரு வேலை. எண்களின் பட்டியலைக் காட்டினால் வரிசை மாறாமல் ஒப்பிப்பது இன்னொன்று. நான்கு என்ற எண்ணைக் காட்டி, மூன்று முறை எண்ணச் சொன்னால் மனதுக்குள்ளேயே எண்ணி ஏழு என்று எழுதும். கடைசி வேலை அறிவுத்திறன் தேர்வுகளில் வரும் வகைப் புதிர். 1, 11, 111. 4, 44, 444. 5, 55 என்று காட்டி அடுத்தது என்ன என்று கேட்டால், 555 என்று எழுதும். விதியை யாரும் அதற்குச் சொல்வதில்லை. எடுத்துக்காட்டுகளிலிருந்து அதுவே கண்டுகொள்கிறது. இவ்வகைப் புதிர்களில் அது மனிதர்கள் பெறும் மதிப்பெண்ணுக்கு மிக அருகில் வந்தது.

எட்டு வேலைகளையும் ஒரே மூளை செய்தது என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது ஆய்வாளர்கள் எதையும் தொடவில்லை. எண்ணைப் பார்க்கும் நிரல் ஒன்று, எண்ணும் நிரல் ஒன்று என்று தனித்தனியாக எழுத அன்றே பலரால் முடியும். எல்லாவற்றையும் ஒரே நியூரான் அமைப்பில், துடிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு, இடையில் எவர் கையும் படாமல் செய்வது முன்பு யாரும் செய்து காட்டாதது.

வேலை விட்டு வேலை மாறுவது எப்படி? நம் மூளையின் அடிப்பகுதியில் பேசல் கேங்க்லியா என்றொரு நரம்பு முடிச்சுத் தொகுதி இருக்கிறது. பார்க்கின்சன் நோயில் குலைவது இந்தத் தொகுதியின் வேலைதான். சென்னை ஐஐடியில் பேராசிரியர் சீனிவாச சக்கரவர்த்தியின் ஆய்வகமும் இதைத்தான் கணித மாதிரிகளால் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறது. புறணி முழுவதிலிருந்தும் 'இப்போது இதைச் செய்யலாம்', 'இல்லை, அதைச் செய்யலாம்' என்று போட்டி போடும் செய்திகள் இங்கே வந்து குவிகின்றன. ஒன்றை மட்டும் அனுமதித்து மற்றவற்றைத் தடுத்து நிறுத்துவது இதன் பணி. ஸ்பானிலும் அப்படியே.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் இந்தக் குழுவின் வேலையில் எனக்கு மிகவும் அழகாகத் தெரிவது இது. மனம் ஒரு சிறு முடிவை எடுக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று உளவியலாளர்கள் பல்லாண்டுகளாகச் சோதனை செய்திருக்கிறார்கள். விடை சொல்ல மனிதர் எடுக்கும் நேரங்களை அளந்து, அவற்றோடு பொருந்த வேண்டுமானால் ஒரு படி ஏறத்தாழ 50 மில்லி நொடி என்று வைத்துக்கொள்ள வேண்டும் என்று கண்டார்கள். ஏன் 50? அவர்களிடம் காரணம் இல்லை. அந்த எண் பொருந்துகிறது, அவ்வளவுதான். வாட்டர்லூ குழுவினர் பேசல் கேங்க்லியாவை நியூரான் நியூரானாகக் கட்டினார்கள். அங்கே தடுப்புச் செய்தியைக் கொண்டுபோகும் காபா என்ற வேதிப்பொருளின் விளைவு எவ்வளவு நேரத்தில் மங்கும் என்பது உயிரியலாளர்கள் ஏற்கெனவே அளந்து வைத்த எண். அதை அப்படியே மாதிரியில் போட்டார்கள். ஒரு முடிவு எடுக்க அந்த மாதிரிக்கு ஏறத்தாழ அதே 50 மில்லி நொடி பிடித்தது. வேதிப்பொருள் மங்கும் வேகத்துக்கும் மனம் நகரும் வேகத்துக்கும் நடுவே ஒரு பாலம் கிடைத்துவிட்டது. பிள்ளைகளே, ஒரு மாதிரி எதற்காக என்று யாராவது உங்களைக் கேட்டால் இதைச் சொல்லுங்கள். ஒரு துறையில் காரணமின்றி நின்ற எண்ணுக்கு வேறொரு துறையிலிருந்து காரணம் வந்து சேர்ந்தது.

இனி தவறுகளுக்கு வருகிறேன். ஒரு நீண்ட எண் பட்டியலைக் கேட்டுவிட்டு ஒப்பிக்கச் சொன்னால், முதலில் வந்தவையும் கடைசியில் வந்தவையும் நமக்கு நன்றாக நினைவிருக்கும். நடுவில் இருப்பவை குழம்பும். ஸ்பானும் நடுவில்தான் குழம்பியது. மனதுக்குள் எண்ணும்போது, எண்ண வேண்டிய தூரம் கூடக் கூட நாம் எடுக்கும் நேரத்தின் ஏற்ற இறக்கமும் கூடும். ஸ்பானிலும் கூடியது. ஒவ்வொரு எண்ணுக்கும் அது எடுத்த நேரம் அரை நொடிக்கும் குறைவு, மனிதர் எடுக்கும் நேர எல்லைக்குள்ளேயே இருந்தது.

இவை எங்கிருந்து வந்தன? கணினி நினைவகத்தில் ஒவ்வொரு எண்ணுக்கும் தனி அறை உண்டு. அங்கே எதுவும் எதோடும் கலப்பதில்லை. ஸ்பானின் நினைவில் தனி அறைகள் கிடையாது. ஒவ்வொரு கருத்தும் 512 எண்கள் கொண்ட ஒரு வெக்டர். 'முதல் இடம்' என்ற வெக்டரையும் 'ஏழு' என்ற வெக்டரையும் ஒரு கணித வினையால் பிணைத்தால் மூன்றாவதாக ஒரு வெக்டர் பிறக்கும். அதன் நீளமும் அதே 512தான். டோனி பிளேட் என்பவர் 1990களில் டொராண்டோவில் வகுத்த முறை இது. இப்படிப் பிணைத்த இணைகளை ஒன்றின் மேல் ஒன்றாகக் கூட்டி ஒரே வெக்டராக வைத்துக்கொள்வதுதான் ஸ்பானின் நினைவு. 'நாய் பூனையைத் துரத்தியது', 'பூனை நாயைத் துரத்தியது' என்ற இரண்டையும் வேறுபடுத்தவும் இந்தப் பிணைப்பே போதும். ஆனால் பட்டியல் நீள நீள, கூட்டலில் ஒன்றன் தடம் இன்னொன்றின் மேல் விழுகிறது, இரைச்சல் ஏறுகிறது, நடுவில் உள்ளவை மறைகின்றன. நம் மறதியைப் பற்றிய ஒரு விளக்கம் இது. சரியா தவறா என்று சோதித்துப் பார்க்கக்கூடிய விளக்கம் என்பதுதான் இதன் மதிப்பு. மாதிரியின் நியூரான்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்து, முதுமையில் அறிவுத்திறன் குறைவதோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முயற்சியையும் இந்தக் குழு மேற்கொண்டது. உயிருள்ள மனிதரிடம் செய்யவே கூடாத சோதனை இது, மாதிரியிடம் செய்யலாம்.

ஸ்பான் வெளிவந்த அதே காலத்தில் ஐரோப்பாவில் வேறொரு பாதை போடப்பட்டது. மூளையின் ஒவ்வொரு நியூரானையும் உயிரியல் விவரம் சிதையாமல் கணினியில் கட்டியெழுப்பிவிட்டால் மற்றவை தாமே வந்துவிடும் என்று நம்பினார் ஹென்றி மார்க்ரம். பத்தாண்டுகளில் மனித மூளையைக் கட்டிவிடலாம் என்று 2009இல் மேடையில் சொன்னார். 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் ஏறத்தாழ 100 கோடி யூரோ மதிப்பில் மனித மூளைத் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே நூற்றுக்கணக்கான நரம்பியலாளர்கள் அதன் போக்கை எதிர்த்துப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். 2015இல் எலியின் புறணியில் ஒரு சிறு துண்டை, ஏறத்தாழ 31,000 நியூரான்களை, வியக்கத்தக்க நுணுக்கத்தோடு மார்க்ரமின் குழு கட்டியது. அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். மூளை வரைபடங்களும் ஆய்வுக் கருவிகளும் அந்தத் திட்டத்தால் உலகுக்குக் கிடைத்தன. ஆனால் 2023இல் திட்டம் முடிந்தபோது, வாக்களிக்கப்பட்ட மூளை வரவில்லை. விவரங்களை மட்டும் குவித்தால் செயல் தானே பிறக்கும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று முதலில் கேட்காமல் கட்டுகிறவர், எந்த விவரம் தேவை, எது தேவையில்லை என்று எதை வைத்து முடிவு செய்வார்?

அதே கண்டிப்போடு ஸ்பானையும் பார்க்க வேண்டும். அதன் கண் நகராது. அதன் உலகில் எண்களும் சில எழுத்துகளும் தவிர வேறொன்றும் இல்லை. ஒரு நொடி வாழ அதற்குக் கணினியில் மணிக்கணக்கான நேரம் பிடித்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, அதன் இணைப்பு எடைகளில் பெரும்பாலானவை கணக்கிட்டு வைக்கப்பட்டவை. எட்டு வேலைகளும் முன்பே உள்ளே வைக்கப்பட்டவை. எந்தத் தேர்வு பலன் தருகிறது என்று அனுபவத்தால் கற்கும் ஒரு வேலையைத் தவிர, அது தானாக எதையும் கற்கவில்லை. ஒரு குழந்தையின் மூளை அப்படி வருவதில்லை. இந்த விமர்சனம் நியாயமானது. குழுவும் அதை அலட்சியம் செய்யவில்லை. 2018இல் சுவான் சூ என்ற ஆய்வாளர் தம் முனைவர் பட்டத்துக்காகக் கட்டிய இரண்டாம் ஸ்பானில் 66 லட்சம் நியூரான்கள் இருந்தன. இதைக் காட்டினால் இதைச் செய் என்று கொடுக்கப்படும் புதிய கட்டளைகளைக் கேட்டு நடக்கும் திறன் அதற்கு வந்திருந்தது. கற்றலின் முழு விடை அது ஆகாது. ஆனால் முன்பே வைத்த எட்டு வேலைகள் என்ற வேலியைத் தாண்டியாயிற்று.

எலியாஸ்மித்துக்கு 2015இல் கனடா அரசின் ஜான் போலானி விருது கிடைத்தது. விருதுகளை நான் நீட்டிச் சொல்லப் போவதில்லை. அதைவிடப் பேச வேண்டியது 2019இல் வந்த ஒரு கட்டுரை.

மூளை காலத்தை எப்படிப் பிடித்து வைக்கிறது என்ற கேள்வியில் தொடங்கியது அது. சற்று முன் கேட்ட ஒலி இன்னும் மனதில் நிற்கிறது. கடந்த சில நொடிகளின் முழு வரலாறும் ஏதோ வடிவில் நியூரான்களில் இருக்க வேண்டும். குழுவில் இருந்த ஆரன் வோல்கர் இதைக் கணிதமாக வைத்தார்: கடந்துபோன ஒரு காலச் சாளரத்தை, குறைந்த எண்ணிக்கை எண்களில், இழப்பு மிகக் குறைவாக எழுதுவது எப்படி? விடையில் வந்து நின்றவை லெஜாந்தர் பல்லுறுப்புக் கோவைகள். பிரெஞ்சுக் கணித மேதை லெஜாந்தர் 18ஆம் நூற்றாண்டில், கோள்களின் ஈர்ப்பைக் கணக்கிடுகையில் பயன்படுத்தியவை. இந்த விடையை நியூரான்களில் போட்டுப் பார்த்தபோது, அவற்றின் துடிப்பு முறை விலங்கு மூளையில் கண்டறியப்பட்ட 'கால நியூரான்'களின் துடிப்பை ஒத்திருந்தது.

வோல்கர், இவானா காயிச், எலியாஸ்மித் மூவரும் அதே கணிதத்தைச் செயற்கை நுண்ணறிவுக்குள் கொண்டுவந்து, லெஜாந்தர் நினைவு அலகு என்று பெயரிட்டார்கள். நீண்ட வரிசைகளை நினைவில் வைப்பதில் அதுவரை அரசு செலுத்தியவை எல்எஸ்டிஎம் என்ற வகை வலைப்பின்னல்கள். அவற்றை இது முந்தியது. 1,00,000 படிகள் தள்ளி இருப்பதையும் நினைவில் வைத்துக் காட்டியது. அடுத்த ஆண்டே ஸ்டான்ஃபோர்டில் ஆல்பர்ட் கூவும் அவரது குழுவினரும் இந்த எண்ணத்தை விரித்துப் பொதுக் கோட்பாடாக்கினார்கள். அதன் வழித்தோன்றல்கள்தான் இன்று மொழி மாதிரிகளில் பேசப்படும் மாம்பா போன்ற வடிவமைப்புகள். மூளையில் காலம் எப்படித் தங்குகிறது என்று கேட்டவர்களுக்கு, கேட்காத இடத்திலும் ஒரு விடை கிடைத்தது. அடிப்படை ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பவர்கள் 'இதனால் என்ன பயன்?' என்று கேட்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு இந்தக் கதை சொல்லத் தோன்றும்.

மாணவர்களுக்குச் சொல்ல ஒன்று மீதியிருக்கிறது. ஸ்பானைக் கட்டிய மென்பொருளை இந்தக் குழு பூட்டி வைக்கவில்லை. நெங்கோ என்பது அதன் பெயர். பைத்தான் மொழி தெரிந்தால் போதும், உங்கள் மடிக்கணினியிலேயே இயக்கலாம். இன்டெலின் லோயிஹி, மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஸ்பினேக்கர் போன்ற மூளை வகைச் சில்லுகளுக்கும் அதிலிருந்தே மாதிரிகளைக் கொண்டுபோகலாம். நான் சொன்ன கண் நினைவுக் கூட்டத்தை முதலில் கட்டிப் பாருங்கள். ஒரு நூறு நியூரான், பத்துப் பதினைந்து வரி நிரல். ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டு உள்ளீட்டை நிறுத்துங்கள், அது அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பிறகு நியூரான்களை ஐம்பதாக்குங்கள், இருபதாக்குங்கள், நினைவு எந்தப் பக்கம் நழுவுகிறது, எவ்வளவு வேகமாக நழுவுகிறது என்று குறித்து வையுங்கள். ஏன் அந்தப் பக்கம் என்று உங்களுக்குள் கேட்டுப் பாருங்கள். விடை தெரிந்தவர்கள் இப்போதே சொல்லலாம், மற்றக் கேள்விகளையும் எடுத்துக்கொள்கிறேன்.